படிக்கட்டுக்கு உண்டான தொகை

மேம்பாலத்துக்கு அவர்கள் எடுத்தது ஏழே அடிதான். அந்தத் தெருவில் சிலருக்குப் பாதி வீடே போயிற்று. மூலைக் கடைக்காரருக்குக் கடை முழுசும் போய்க் கல்லாப்பெட்டி மட்டும் மிஞ்சியது. அதோடு வைத்துப் பார்த்தால் மில்லக்காவுக்கு வந்தது வெறும் நகக்கீறல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாசலில் சும்மா கிடந்த ஏழடி. அந்த ஏழடிக்குள்தான் மாடிப்படி நிற்கிறது என்பது, அளக்க வந்தவர் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்து முடிக்கிற வரைக்கும் யாருக்கும் உறைக்கவில்லை.

"என்னண்ணே, படி மேல கோடு போடுறீங்க?" என்று மில்லக்கா கேட்டாள்.

"கோடு போற வழியில படி இருக்கும்மா. நாங்க என்ன செய்ய?"

"மேல ஆள் குடியிருக்காங்கண்ணே."

"மேல் வீட்டுக்கு நாங்க வரவே இல்லையே. அதுல ஒரு செங்கல்லக்கூடத் தொட மாட்டோம்." ஏதோ சலுகை காட்டுகிறவர் மாதிரி சொல்லிவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாவு மில் நடத்துகிறவள் என்பதால் தெரு முழுக்க அவளுக்கு மில்லக்கா என்றே பேர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயசு. காலையில் ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் மோட்டார் நிற்காது. அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரு மெஷின், மிளகாய்க்கும் மல்லிக்கும் இன்னொரு மெஷின். மில்லுக்குப் பின்னால் ஒரே ஒரு அறையும் அடுப்படியும் அவள் புழங்குகிற இடம். புருஷன் போய் ஆறு வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மாடியில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். சின்னவள் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு அதுவே பேராகிவிட்டது. மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக்.

கொழுந்தனின் தொழில் தெருவுக்கு நல்ல தீனியாகப் போயிற்று. "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் பத்து மாடி ஏத்தி விடுறாரு, சொந்த வீட்டுக்கு ஏற வழியில்லாமப் போச்சு பாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவனும் ரெண்டு நாள் கூடச் சேர்ந்து சிரித்தான். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. அதில் மில்லக்காவின் பேர் மட்டும்தான் இருந்தது.

அது அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணன் இறந்த பிறகு வீட்டைப் பிரித்தபோது கீழ்வீடு அவளுக்கு, மேல்வீடு தம்பிக்கு என்றாயிற்று. வாசல் இடம் பொது. ஆனால் மில்லுக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்டை அவள் பேருக்கு மாற்றப் போனால், முன்பக்கத்து இடமும் மில் நடத்துகிறவர் பேரில் இருக்கணும் என்று மின்சார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் மறுவாரமே போய்த் தன் பங்கையும் அவள் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். "எங்களுக்குப் படி ஏறி இறங்க வழி இருந்தாப் போதும் அண்ணி" என்றான். பத்திரத்திலும் அப்படியே ஒரு வரி இருந்தது.

இழப்பீட்டு ஆபீசுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். ஜன்னலோர மேஜையில் இருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பத்திரத்தை மூக்கருகில் வைத்துப் படித்தார்.

"நிலம் உங்க பேர்லதாம்மா இருக்கு. பணம் உங்க கணக்குக்கு வந்துடும்."

"படி இவங்க ஏறுறது சார்."

"ஏறுறது யாரா வேணா இருக்கட்டும்மா. நிக்கிறது உங்க மண்ணுல." தாளைத் திருப்பினார். "படியை நாங்க விட்டுடல. தனியாப் போட்டிருக்கோம் பாருங்க. வெளிப்படிக்கட்டு ஒண்ணு, படி பதினேழு, இரும்புக் கைப்பிடி, வயசு இருபத்திரண்டு வருஷம். தேய்மானம் கழிச்சு இவ்வளவு."

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "இந்தக் காசுக்கு ஒரு ஏணி வாங்கலாம் சார். படி கட்ட முடியாது."

"புதுப் படி கட்டுறதுக்கு நாங்க தரல தம்பி. பழைய படியை எடுத்துக்கிறதுக்குத் தர்றோம்."

"அப்ப மேல எப்படி ஏறுறது?"

"அது இழப்பீட்டுல வராது."

அவர் கேலியாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு, இவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ஒரு வழி இருக்கு. மிச்ச வீட்டை வச்சுக்கிட்டுக் குடியிருக்க முடியாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க. முழு வீட்டையும் நாங்களே எடுத்துக்குவோம். முழுசுக்கும் பணம் வரும். முப்பது நாளுக்குள்ள குடுக்கணும். ரெண்டு கையெழுத்தும் வேணும், ஒண்ணு இல்லேன்னாலும் செல்லாது."

"அப்படிக் குடுக்கலேன்னா?" என்றான் கொழுந்தன்.

"அப்ப நீங்க ஆட்சேபம் எழுதிப் போடலாம். போட்டா பணம் கோர்ட்ல போய் உக்காந்துக்கும். எப்ப எந்திரிக்கும்னு சொல்ல முடியாது. இடிக்கிற வேலை மட்டும் அதுக்காக நிக்காது."

அன்று சாயங்காலம் மில்லுக்குள்ளேயே பேசினார்கள். மோட்டார் நின்று சூடு ஆறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கவிழ்த்துப் போட்ட டின் மேல் உட்கார்ந்தான். சின்னவள் கடையிலிருந்து வந்த புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முழுசாக் குடுத்துடலாம் அண்ணி" என்று ஆரம்பித்தான். "எதிர்ல பாலம் வந்தா வெளிச்சமும் இருக்காது, காத்தும் இருக்காது. காசை வாங்கிக்கிட்டு ஆளுக்கு ஒரு இடம் பாத்துக்கலாம்."

"மில்லை எங்க தூக்கிட்டுப் போறது?"

"புது இடத்துலயும் ஜனங்க சாப்பிடத்தானே செய்றாங்க?"

"சாப்பிடுவாங்க தம்பி. யார்கிட்ட அரைக்கிறாங்கன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தத் தெருவுல யாருக்கு நைசா வேணும், யாருக்குக் குருணையா வேணும்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். டின்னை வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம வேலைக்குப் போறவங்க நாப்பது பேர் இருக்காங்க. இருபது வருஷத்துல சேர்த்த ஆளுங்க. இன்னொரு இடத்துல போய் மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்றியா?"

"அப்ப நாங்க பறந்து போகணுமாக்கா?" என்றாள் சின்னவள்.

"பின்னாடி ஏதாவது..."

"பின்னாடி அடுத்தவன் சுவரு. ரெண்டு பக்கமும் ஒட்டுச் சுவரு. உங்களுக்குத் தெரியாததா? வழி இருக்கிறது ஒண்ணுதான். இந்த மில்லுக்குள்ள." சின்னவள் மிளகாய் மெஷின் நின்ற மூலையைக் கையால் காட்டினாள். "இங்க படி வைக்க விடுவீங்களா?"

"மெஷினை எங்க வைக்கிறது? என் தலையிலயா?"

"பாத்தீங்களா? உங்களுக்கென்னக்கா. கீழ இருக்கீங்க. தரையும் உங்களுக்கு, காசும் உங்களுக்கு."

"நானா கேட்டேன்?" மில்லக்காவுக்குக் குரல் ஏறிவிட்டது. "முன்னாடி இடத்தை எழுதிக் குடுன்னு நானா வந்து நின்னேன்?"

சொல் வாயை விட்டு விழுந்ததுமே அதை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள முடியாதா என்று அவளுக்கு இருந்தது. கொழுந்தன் எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டினான்.

"இல்ல அண்ணி. நீங்க கேக்கல. நானாத்தான் குடுத்தேன்."

அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டான். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு தாள் வந்தது. கொழுந்தன் ஆட்சேபம் போட்டுவிட்டான். பணம் கோர்ட்டுக்குப் போகிறது என்று அதில் எழுதியிருந்தது. கையால் எழுதிய ஆட்சேபத்தின் நகலும் கூடவே இருந்தது.

அதன் பிறகு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கொழுந்தன் இறங்கிவந்து பெல்ட்டை இழுத்துக் கட்டுவான், கிரீஸ் வைப்பான், எதையாவது முடுக்குவான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை பெல்ட் நழுவியது. மில்லக்கா தானே ஸ்பேனரை எடுத்து, கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் சரிபண்ணினாள். மேலே நடக்கிற காலடிச் சத்தத்தை வைத்து யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரிந்துகொண்டாள். மேலே இருப்பவர்களும் மோட்டார் சத்தத்தை வைத்து அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். முப்பது நாளும் கையெழுத்தில்லாமல் கழிந்தது.

இடிக்கிற வண்டி ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் படி, இறங்கி வர முப்பத்தைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கைப்பிடிக் கம்பி மட்டும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பிறகு அதுவும் விழுந்தது. தூசி அடங்கிப் பார்த்தால், மாடிக் கதவு அந்தரத்தில் திறந்திருந்தது. நிலைக்கு வெளியே ஒன்றுமே இல்லை. சின்னவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் கம்பெனியிலிருந்து அலுமினிய ஏணி ஒன்று கொண்டுவந்து மேலேயும் கீழேயும் கட்டினான். தொழில்காரன் கட்டின கட்டு, அசையவில்லை. ஒரு கப்பியும் கயிறும் போட்டு, கேஸ் சிலிண்டரைக்கூட அலுங்காமல் மேலே ஏற்றினான். ஆனால் ஏற்ற முடியாதது ஒன்றும் இறக்க முடியாதது ஒன்றும் இருந்தது. ரெண்டும் சின்னவள்தான். முதல் நாள் நாலு கம்பி இறங்கினாள். அங்கேயே கையைப் பூட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அவளைத் திரும்ப மேலே ஏற்றவே அரை மணி நேரம் பிடித்தது. மருந்துக் கடைக்கு லீவு சொன்னாள். நாலாம் நாள் கடைக்காரர் வேறு ஆள் பார்க்கிறதாகச் சொல்லியனுப்பினார்.

ஐந்தாம் நாள் தூறல். காலை பத்து மணிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது மில்லக்காவுக்கு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. சுவிட்சை அணைத்தாள்.

"அக்கா."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். அந்தரத்துக் கதவுக்குள், நிலையிலிருந்து ரெண்டடி தள்ளி, சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"குடிக்கத் தண்ணி தீந்துபோச்சுக்கா. மேல தண்ணி ஏறுற பைப்பும் இடிச்சதுல உடஞ்சுடுச்சு. அவர் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சுன்னு ஓடிட்டாரு. வர சாயங்காலம் ஆகும்."

மில்லக்கா கேனை நிரப்பிக் கயிற்றில் கட்டினாள். கப்பி வழுவழுவென்று ஓடியது. சின்னவள் உட்கார்ந்தபடியே கையை மட்டும் நீட்டிக் கேனை உள்ளே இழுத்துக்கொண்டாள். குடித்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்தே இல்லை என்று தெரிந்தது.

"அப்பவே கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?"

"மூஞ்சி என்ன மூஞ்சி. தாகம்தான் முக்கியம். சாப்பிட்டியா?"

"ஆச்சு. கீழ பாத்தாத் தலை சுத்துதுக்கா. நேரா பாத்தா பாலத்துக்குக் குழி வெட்டுறது தெரியுது. அதையும் எவ்வளவு நேரம் பாக்குறது?"

மில்லக்கா மழையில் நனைந்துகொண்டு நின்றாள். தலையிலிருந்த மாவு தண்ணீர் பட்டுப் பிசுபிசுத்தது. கோதுமை அரைக்க வந்த பெண் ஒருத்தி டின்னை இடுப்பில் வைத்தபடி ஷட்டரடியில் ஒதுங்கி, ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நானா கேட்டேன்னு சொன்னேன் பாரு," என்றாள் மில்லக்கா. "அது பொய். என் வீட்டுக்காரர் தவறின மாசம் உன் புருஷன்கிட்ட, மில்லு நின்னா நானும் இல்லேன்னு உக்காந்து அழுதேன். அதுக்குப் பேரு கேக்குறதுதானே? எழுதிக் குடுன்னு வாயால சொல்லல, அவ்வளவுதான்."

மேலே சின்னவள் கேன் மூடியைத் திருகி மூடினாள்.

"அவர் குடுத்தது எனக்குப் பிடிக்கலக்கா" என்றாள் சின்னவள். "என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஆறு வருஷமா அது எனக்குள்ளயே கிடந்துச்சு. நோட்டீஸ்ல உங்க பேரைப் பாத்ததும், நான் சொன்னேன்ல, சொன்னேன்லன்னு அவரைப் போட்டுக் குடைஞ்சேன். ஆட்சேபம் அவராப் போடல."

"தெரியும். அந்தத் தாள்ல எழுத்து உன்னுது. பில்லுல இருக்கிற அதே எழுத்து."

சின்னவள் சிரித்தாளா அழுதாளா என்று கீழேயிருந்து தெரியவில்லை.

"நீங்க பேசி முடிங்கக்கா," என்றாள் டின்காரப் பெண். "என் கோதுமை ஒண்ணும் அவசரமில்ல."

அன்று மத்தியானமே மில்லக்கா கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் மில்லுக்குள் டேப்பைப் பிடித்து அங்குமிங்கும் நடந்தார். மேல்தளத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"தளத்தை வெட்டி, மூலையிலேயே திருப்பி ஏத்திடலாம். ஆனா இந்த மிளகாய் மெஷின் போனாத்தான் ஆகும்."

"சின்னதா இழுத்துப் போட்டா?"

"அப்பப் படியில பக்கவாட்டாத்தான் ஏறணும். நண்டு மாதிரி."

அரிசியிலும் கோதுமையிலும் வருவது அன்றாடச் செலவுக்கு. கையில் நாலு காசு நிற்பது மிளகாயில்தான். மில்லக்கா அந்த மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். அதன் அடியில் படிந்திருந்த சிவப்புப் பொடி எத்தனை கழுவினாலும் போகாது. ரெண்டு தெரு தள்ளி இருந்த மில்காரர் பாதி விலைக்குக் கேட்டார். குடுத்துவிட்டாள். அந்தக் காசு கம்பிக்கும் சிமெண்டுக்கும் சரியாக இருந்தது.

கொழுந்தன் மறுநாள் சாயங்காலம் வந்து, வெறுமையாகக் கிடந்த மூலையைப் பார்த்தான்.  சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தளம் வெட்டுகிறவனுக்குக் கம்பி வளைக்கப் போனான். பத்து நாள் வேலை. பலகை பிரித்த அன்றைக்கே, சிமெண்ட் முழுசாகக் காயும் முன்னாலேயே, சின்னவள் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிவந்தாள். கீழே வந்ததும் மூச்சு வாங்கினாள். அப்படியே மில்லைத் தாண்டி நேரே மருந்துக் கடைக்கு நடந்தாள். வேறு ஆள் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

ஆட்சேபம் போட ஒரு தாள் போதுமாக இருந்தது. அதைத் திரும்ப வாங்க நாலு தாளும் ஏழு மாசமும் ஆயின. அதற்குப் பிறகும் பணம் எழுந்து நடந்து வர ஏழு மாசம். வந்த அன்றைக்கு மில்லக்கா பாங்கிலிருந்து நேரே மாடியேறி, பாதியை மேஜை மேல் வைத்தாள்.

"இது எதுக்கு அண்ணி? படிக்கு உண்டானதை மட்டும் குடுங்க, போதும்."

"படிக்கு உண்டானதுல ஏணிதான் வாங்கலாம்னு நீதானே சொன்னே. எடுத்து வை."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவன் எடுத்து வைத்தான்.

மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னான். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. முன்பணம் கட்டியாயிற்று. மேல்வீட்டை வாடகைக்கு விடுவதாக யோசனை.

மில்லக்கா சாக்கை உதறி மடித்தாள். "எத்தனாவது மாடி?"

"நாலு அண்ணி. லிஃப்ட் இருக்கு."

"நின்னுபோனா?"

"நானே சரிபண்ணிக்குவேன்."

ரெண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். ஆனால் அவன் போன பிறகு, மூலையில் ஏறிப்போகிற படியைப் பார்த்தபோது அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மெஷினை விற்று வைத்த படி. இருக்கிறதுக்கு என்று வைத்தாள், போகிறதுக்கு ஆயிற்று. காசில் பாதியைக் குடுக்காமல் இருந்திருந்தால் இவர்களால் முன்பணம் கட்டியிருக்க முடியுமா என்றும் ஒரு கணக்கு ஓடியது. ரெண்டு நாள் அந்தக் கணக்கோடு இருந்தாள். மூன்றாம் நாள் தெரு முழுக்கக் கோதுமை வந்து இறங்கியது. கணக்குப் பார்க்க நேரமில்லை.

சாமான் இறக்கிய அன்றைக்கு எல்லாம் சுலபமாக இறங்கியது, பீரோவைத் தவிர. படியில் இறங்கிவிட்டது. கீழே திரும்புகிற இடத்தில், மெஷினுக்கு மேலே தானியம் கொட்டுகிற தகரத் தொட்டியில் இடித்துக்கொண்டு நின்றது. சுமைக்காரர்கள் பீரோவைத் தோளில் வைத்தபடி முனகினார்கள். "கயிறு கட்டி மேல் கதவு வழியா இறக்கிடலாம் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"வேணாம், மழை வர்ற மாதிரி இருக்கு." மில்லக்கா காத்திருந்தவர்களைப் பார்த்து, "அரை மணி நேரம் ஆகும். டின்னை வச்சுட்டுப் போயிட்டு வாங்க" என்றாள். ஸ்டூலில் ஏறித் தொட்டியின் ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொட்டியை அணைத்துப் பிடித்துக் கீழே இறக்கினாள். முடியெல்லாம் மாவு. பீரோ போயிற்று. சின்னவள் கடைசியாக ஒரு வாளியோடு இறங்கிவந்து, என்னவோ சொல்ல நின்றாள்.

"போல்ட் கால்ல குத்தும், பாத்துப் போ" என்றாள் மில்லக்கா.

அடுத்த மாசம் முதல் வாரத்தில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து சின்னவள் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்தாள். ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அங்க மில்லு இல்லையா?"

"வாசல்லயே இருக்குக்கா. கல்லு சரியில்ல, மாவு சுட்டுப் போகுது."

அவளுக்கு முன்னால் மூன்று டின் இருந்தன. மில்லக்கா நாலாவதாக வாங்கி வைத்தாள். முறை வந்ததும் அரைத்து, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தாள். சின்னவள் பர்ஸைத் திறந்து கூலியை எடுத்து நீட்டினாள். ஒரே வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில் மேல்வீட்டு மாவுக்கு மில்லக்கா கூலி வாங்கியதே இல்லை. வேண்டாம் என்று கை தானாக எழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். வாங்காவிட்டால் அடுத்த மாசம் இவள் வரமாட்டாள்.

காசை வாங்கி மற்றவர்களுடையதோடு டப்பாவில் போட்டாள். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள். அடுத்த டின்னைத் திறந்தாள்.